சயாமுக்குப் போனவர்களும் மலேசியத் தமிழ் நாவலும்

ஒரு சமுதாயம் தன் மகிழ்ச்சியை உடனுக்குடன் பாடிவிடுகிறது. தன் துயரத்தை எழுதுவதற்கோ நெடுங்காலம் எடுத்துக்கொள்கிறது. துயரம் பெரிதாக இருக்குமானால் அக்கால இடைவெளியும் பெரிதாகிறது. மலேசியத் தமிழர் வரலாற்றில் மிகப் பெரிய துயரம் எது என்று வினவினால், சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத் தொழிலாளர்கள் பிடித்துச் செல்லப்பட்ட நிகழ்ச்சியே என்று விடை கூறத் தயக்கம் வேண்டியதில்லை. அப்பாதை 1943ஆம் ஆண்டு முடிவுற்றது. அதை மையமாகக் கொண்ட ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. இடையே சரியாக ஐம்பது ஆண்டுகள். பிடித்துச் செல்லப்பட்ட இளைஞன் உயிரோடு திரும்பியிருந்தால், அந்நூல் அவன் கைக்கு வரும்போது அவன் பாட்டனாகியிருப்பான். பலருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இந்த ஐம்பதாண்டு இடைவெளி ஏன் நேர்ந்தது, அதன்பின் எழுந்த எழுத்து எவ்வளவு தூரம் அத்துயரத்தை எட்டிப் பிடித்தது, இன்னும் எழுதப்படாமல் எஞ்சியிருப்பது எது ஆகிய மூன்றும் ஆராய்வதற்குரியவை. இவ்வாராய்ச்சிக்கு நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களை உரைகல்லாகக் கொள்வது பொருந்தும். அதற்குரிய காரணங்கள் வரலாற்றிலேயே உள்ளன.

உரைகல்லாகும் மாநிலம்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கியது. மறு மாதம் 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. 14ஆம் நாள் நெகிரி செம்பிலானின் தென்கோடியில், கிம்மாசுக்கு அருகில், ஆஸ்திரேலியப் படையினர் பாலத்தைத் தகர்த்துப் பதுங்கித் தாக்கினர். அந்தச் சண்டையும் படையெடுப்பைத் தடுக்கவில்லை. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் போய்விட்டார்கள். ரப்பருக்குச் சந்தையும் போய்விட்டது. சிரம்பான், ரந்தாவ், லிங்கி, லாபு, தம்பின் என்று மாநிலமெங்கும் பரவியிருந்த தோட்டங்களில் பால்மரங்கள் நின்றன, வேலை நின்றுவிட்டது. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. வாழைமரப் படம் அச்சிட்ட நோட்டு மூட்டையாகக் கொடுத்தாலும் ஒரு முழத் துணி கிடைக்காத நிலை வந்தது. சாக்கைக் கிழித்து உடுத்த காலம் அது.

இந்தப் பசியின் மீதுதான் ஆள்பிடிப்பு நடந்தது. தாய்லாந்தில் பான்போங்குக்கு அருகிலுள்ள நோங் பிளாடுக் தொடங்கிப் பர்மாவில் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதையை ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் முடிப்பதற்கு ஜப்பானியர் முனைந்தனர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவு இலவசம் என்பது முதற்கட்ட அழைப்பு. போனவர்கள் திரும்பாதது கண்டு ஆட்கள் மறுக்கத் தொடங்கியதும் அழைப்பு கட்டாயமாயிற்று. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேரைத் தரவேண்டும் என்று கணக்கு வைக்கப்பட்டது. நகரங்களில் இலவசப் படம் என்று கூட்டிக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய செய்திகளும் உண்டு. சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் நாட்கணக்காக அடைபட்டு அவர்கள் பான்போங் சென்றனர். 1943ஆம் ஆண்டு மே மாதம் மழையோடு காலரா வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் இணைந்தன.

போருக்குப் பின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கின்படி மலாயாவிலிருந்து சென்றவர்கள் சுமார் 78,000 பேர். அவருள் பெரும்பான்மையினர் தமிழர். இறந்தவர்கள் சுமார் 30,000. 'ஓடிப்போனவர்கள்' என்ற தலைப்பின் கீழ் 24,000க்கும் மேற்பட்டோர் காட்டப்படுகின்றனர். அந்தத் தலைப்பு ஒரு காவியத்துக்குரிய பொருளைத் தன்னுள் அடக்கியது. காலராக் காட்டில், மொழி தெரியாத மண்ணில், வழி தெரியாத மழையில் ஓடிப்போனவர் எங்கே போயிருக்க முடியும்? கணக்கு எழுதியவன் அவ்வினாவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் கதாசிரியன்.

நெகிரி செம்பிலானுக்கும் அப்பாதைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாமுக்குக் கொண்டுபோயினர். கிம்மாசிலிருந்து கிளந்தான் நோக்கிச் செல்லும் கிழக்குக்கரைப் பாதையின் நெடும்பகுதியும் அவ்வாறே பெயர்க்கப்பட்டது. ஆளும் போனான், அவன் ஊர்த் தண்டவாளமும் போயிற்று. கிழக்குக்கரைப் பாதையில் போருக்குப் பின் மீண்டும் தண்டவாளம் போட்டார்கள். போன ஆளுக்கு ஈடாக எவரும் வரவில்லை. எந்த நாவலாசிரியனும் கற்பனையால் படைக்கத் தேவையில்லாத குறியீடு இது. வரலாறே எழுதி வைத்திருக்கிறது. இன்றுவரை இக்குறியீட்டைத் தக்கவாறு பயன்படுத்திய தமிழ்ப் படைப்பு அரிது என்பது குறை.

மௌனத்தின் காரணங்கள்

எழுத்தறிவு இல்லாமையே மௌனத்துக்குக் காரணம் என்று பலரும் எளிதாகக் கூறிவிடுவர். அது பாதி உண்மை. 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நடத்திய கதை வகுப்பின் வழியாகவும், பின்னர் 'தமிழ் முரசு' வளர்த்த மாணவர் மணிமன்றத்தின் வழியாகவும் ஒரு தலைமுறை எழுத வந்துவிட்டது. அவர்களுள் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். சயாமுக்குப் போய் வந்தவர்கள் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார்கள். எழுதத் தெரிந்தவனும் இருந்தான், சொல்லத் தெரிந்தவனும் இருந்தான். இருவருக்குமிடையே ஏதோ ஒன்று குறுக்கே நின்றது.

குறுக்கே நின்றவற்றுள் முதலாவது அச்சம். 1948ஆம் ஆண்டு அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1950ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின் கீழ்த் தோட்டத்து லயங்கள் இடம் மாற்றப்பட்டு முள்வேலிக்குள் அடங்கின. வேலிக்குள் இருப்பவன் பழைய வேலியைப் பற்றிப் பேசத் தயங்குவது இயல்பு.

இரண்டாவது, வீரக்கதையின் நிழல். 1943ஆம் ஆண்டு ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய தேசிய இராணுவமும் ஜான்சிராணிப் படையும் தோட்டத் தமிழனுக்கும் தமிழச்சிக்கும் முதன்முறையாக நிமிர்ந்து நிற்கும் பெருமையைத் தந்தன. அது மெய்யான பெருமை. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால், நிமிர்ந்த கதை எழுத எழுத, குனிந்து மண் சுமந்த கதை பின்னுக்குத் தள்ளப்பட்டது. சயாமுக்குப் பிடித்துவிடுவார்கள் என்று அஞ்சிப் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அந்த இரு கதைகளும் ஒரே வீட்டின் இரு அறைகள். ஓர் அறையில் மட்டும் விளக்கேற்றப்பட்டது.

மூன்றாவது காரணம் கூச்சம். அதைப் பற்றிப் பின்னர்க் காண்போம் என்று ஒதுக்காமல் இங்கேயே ஒன்று கூறிவிடல் வேண்டும். போனவனை அனுப்பி வைத்தவன் யார் என்ற வினா எழும்போது, விரல் ஜப்பானியனை மட்டும் சுட்டுவதில்லை. இக்கட்டுரையின் பிற்பகுதி அவ்வினாவுக்கு மீண்டும் வரும்.

இலங்கை மலையகத்தோடு ஒப்பிடும்போது இம்மௌனம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அப்பிரிவின் துயரத்தை மலையகச் சிறுகதை அந்நாளிலேயே எழுதத் தொடங்கிவிட்டது. மலேசியாவிலோ நிகழ்ச்சி நினைவாகி, நினைவு மங்கி, சொல்ல வேண்டியவர்கள் மறையத் தொடங்கிய பிறகே நாவல் பிறந்தது.

பிறர் எழுதிய கதை

இவர்கள் வாய் மூடியிருந்த காலத்தில் பிறர் வாளா இருக்கவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952ஆம் ஆண்டு குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய நாவலை வெளியிட்டார். 1957ஆம் ஆண்டு டேவிட் லீன் அதைத் திரைப்படமாக்கினார். ஏழு ஆஸ்கார் விருதுகள் கிட்டின. உலகம் முழுவதற்கும் அப்பாதை என்றால் அந்தப் படமே நினைவுக்கு வரும் நிலை உருவாயிற்று. ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் தன்மானம், ஒரு ஜப்பானிய அதிகாரியின் பிடிவாதம், சீழ்க்கையில் ஒலிக்கும் ஓர் அணிவகுப்பு மெட்டு ஆகியவற்றுக்குள் அடங்கிய கதை அது.

பூல் போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர் என்பது பலர் கவனிக்காத செய்தி. பெரட்டுக் களத்தில் விடியலிருளில் நின்ற தமிழரை அவர் கண்ணால் கண்டவர். மலாயாத் தோட்ட வாழ்வைப் பற்றித் தனி நாவலே எழுதியவர். அவ்வாறிருந்தும் அவருடைய பாலத்தில் தோட்டத் தமிழன் ஒரு பாத்திரமாகக் காலெடுத்து வைக்கவில்லை. தெரியாமல் விட்டார் என்று சொல்ல வழியில்லை. கதைக்குரிய மனிதர் யார் என்ற எண்ணம் எழுத்தாளன் மனத்தில் எழுதத் தொடங்குமுன்பே முடிவாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. படத்தின் பாலம் இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில் கட்டப்பட்டது. அங்கிருந்து சிறிது தொலைவில் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய சுற்றத்தார் செத்த கதை அவர்களில்லாமலே படமாயிற்று.

பிற்காலத்தில் ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப்பின் போர் நாட்குறிப்பு 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. ரிச்சர்ட் ஃபிளானகனின் நாவல் 2014ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்றது. ஃபிளானகனின் தந்தை அப்பாதையில் உழைத்து மீண்ட கைதி. தந்தையின் துயரத்தை மகன் எழுதினார். இம்முயற்சிகளை அழுக்காற்றோடு நோக்குதல் கூடாது. தத்தம் மக்களின் துன்பத்தை எழுதினார்கள். அது அவர்கள் கடமை. கைதிகள் எழுதி வைத்த குறிப்புகளில், அடுத்திருந்த தமிழர் முகாம்களின் அவலம் இடையிடையே பதிவாகியிருக்கிறது. மருத்துவரில்லை, அதிகாரியில்லை, கேட்பாரில்லை என்ற நிலை தமக்குரியதைவிடக் கொடியது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பிறர் கண்ணில் பட்டுத் தெறித்த அந்தச் சில வரிகளையே தமிழன் தன் வரலாற்றுச் சான்றாக நாட வேண்டியிருப்பதில்தான் வருத்தம் இருக்கிறது.

நெகிரி செம்பிலானுக்குள்ளேயே இதற்கு ஓர் இணை உண்டு. 1943ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் உணவுப் பஞ்சத்தைக் குறைக்க எண்ணிய ஜப்பானிய ஆட்சி, அங்கிருந்த யூரேசியரையும் சீனக் கத்தோலிக்கரையும் பகாவ் வட்டாரத்தில் குடியேற நெருக்கியது. 'ஃபுஜி கிராமம்' என்று அக்குடியேற்றத்துக்குப் பெயர். மலேரியா நூற்றுக்கணக்கானோரை வாங்கிக்கொண்டது. அவர்களுடன் சென்ற ஆயர் டெவால்சும் 1945ஆம் ஆண்டு இறந்தார். அந்தக் குடியேற்றத்தைப் பற்றி நினைவுரைகள் உள்ளன, ஆய்வு உள்ளது, ஆங்கிலத்தில் நூல் உள்ளது. ஒரே மாநிலம், ஒரே ஆண்டுகள். ஒரு கூட்டம் உள்ளே தள்ளப்பட்டது, ஒரு கூட்டம் வெளியே இழுக்கப்பட்டது. உள்ளே வந்தவர்களிடம் எழுதுகோல் இருந்தது. வெளியே போனவர்களிடம் மண்வெட்டி இருந்தது. பின்னாளில் யார் நினைக்கப்பட்டார்கள் என்பதை அந்த வேறுபாடே பெரிதும் முடிவு செய்துவிட்டது.

தமிழ் நாவல்களின் நோக்கு

போர்க்காலத் தென்கிழக்காசியாவைத் தமிழ் நாவலுக்குள் முதன்முதலில் பேராற்றலோடு கொண்டு வந்தவர் ப. சிங்காரம். 1972ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' மெடானையும் பினாங்கையும் உயிரோடு நிறுத்தியது. எனினும் அதன் கண், கடைத்தெருவின் கண். வட்டிக்கடை அடுத்தாளும் வணிகனும் படைவீரனுமாகிய பாண்டியனின் உலகில், தோட்டத்து லயம் தொலைவில் தெரியும் காட்சியே. அது சிங்காரத்தின் குறையன்று. அவர் வாழ்ந்த உலகத்தை அவர் எழுதினார். ஒவ்வொரு உலகத்துக்கும் அதனதன் சிங்காரம் வேண்டும் என்பதே அந்நாவல் கற்பிக்கும் பாடம். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' தோட்டத்துக்குள் நுழைந்தது. விருந்தினராக வந்து பரிவோடு நோக்கிய கண் அது.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இந்நிலையில் ஒரு திருப்பம். அந்நாவலின் முதற்பெருமை அது எழுதப்பட்டதே. வாய்மொழியாக இருந்ததை அச்சுக்குக் கொண்டு வந்து, பின்வந்தோர்க்குப் பாதை போட்டது. முதலில் செல்பவன் முள்ளை மிதித்தே ஆகவேண்டும். ஆகையால் அந்நூலை அளக்கும்போது கலையளவுகோலை மட்டும் கையில் கொண்டு செல்வது முறையாகாது. ஆனால் தலைப்பைக் குறித்து ஒரு கருத்துச் சொல்லுதல் தகும். 'மரண ரயில்' என்பது உலகம் இட்ட பெயரின் தமிழாக்கம். தோட்டத்தில் வழங்கிய பேச்சு வேறு: 'சயாமுக்குப் பிடித்துப் போனார்கள்', 'சயாமுக்குப் போனவர்'. முன்னதில் எழுவாய் ரயில். பின்னதில் எழுவாய் மனிதன். முன்னது முடிவைச் சொல்கிறது. பின்னது போனதை மட்டும் சொல்லி, வருவதை வெறுமையாக விடுகிறது. அந்த வெறுமைதான் லயத்தில் ஆண்டுக்கணக்காக இருந்தது. நாவலுக்குரிய பொருள் அந்த வெறுமையே.

அ. ரெங்கசாமியின் முயற்சி வேறு வகையில் சிறப்புடையது. 1930ஆம் ஆண்டு பிறந்த அவர், ஜப்பானியர் காலத்தைச் சிறுவனாகக் கண்டவர், ஆசிரியப் பணியாற்றியவர். ரயில் பாதையைப் பற்றிய 'நினைவுச் சின்னம்' 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜப்பானியர் காலத்தையும் அதனையடுத்த கலவரக் காலத்தையும் 'லங்காட் நதிக்கரை' எழுதிற்று. இந்திய தேசிய இராணுவத்தை 'இமயத் தியாகம்' எழுதிற்று. இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அவர் செய்த பணியின் அளவு விளங்குகிறது. முன்னர்க் கூறிய இரு அறைகளுள் இருண்டிருந்த அறையிலும் விளக்கேற்றியவர் அவர். மேலும், 'நினைவுச் சின்னம்' என்ற தலைப்பே ஒரு விமரிசனம். கல்லில் எழுப்பப்படாத சின்னத்தைச் சொல்லில் எழுப்ப வேண்டியிருந்த நிலையை அது உணர்த்துகிறது.

இவ்விரு நாவல்களின் பொதுப்போக்கு ஒன்றுண்டு. இரண்டும் பாதையையே நடுக்களமாகக் கொண்டவை. மூங்கிற்காடு, மழை, அடி, பசி, காலரா, பிணம் என்ற வரிசை வாசகனை உலுக்குகிறது. உலுக்க வேண்டியதே. ஆனால் கொடுமையை அடுக்கிச் செல்லும் எழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. முதல் பிணத்தில் கண்ணீர் வரும். நூறாவது பிணத்தில் வாசகன் எண்ணத் தொடங்கிவிடுவான். எண்ணத் தொடங்கிய இடத்தில் நாவல் மீண்டும் அந்த பிரிட்டிஷ் கணக்காக மாறிவிடும் அபாயம் இருக்கிறது. அந்த அபாயத்திலிருந்து தப்புவதற்குரிய வழி, பாதையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பி வருவதாகும்.

எழுதப்பட வேண்டியவை

முதலாவது, தங்கிவிட்டவள். தமிழ் அகமரபு பிரிவைப் பல வகையாகப் பகுத்து வைத்திருக்கிறது. ஓதுவதற்குப் பிரிதல், பகைமேற் பிரிதல், தூதிற் பிரிதல், பொருள் தேடப் பிரிதல் என்று அவை விரியும். ஒவ்வொன்றிலும் போகிறவன் தானே போகிறான். மீள்வேன் என்று ஒரு பருவம் குறிக்கிறான். தலைவி அப்பருவத்தை எண்ணி இருக்கிறாள். பிடித்துச் செல்லப்படுதல் என்றொரு பிரிவு அப்பகுப்பில் இல்லை. லயத்துப் பெண்ணுக்கு எண்ணுவதற்குப் பருவம் இல்லை. மூன்று மாதம் என்றார்கள். மூன்று ஆண்டு ஆயிற்று. கணவன் இருக்கிறானா இல்லையா என்ற செய்தி இல்லை. தாலியை அறுப்பதா வைத்திருப்பதா? கருமாதி செய்வதானால் எந்த நாளில் செய்வது? திதி கொடுக்க இறந்த நாள் வேண்டுமே! சுமங்கலியாகவும் இன்றி, கைம்பெண்ணாகவும் இன்றி, பிள்ளைகளுக்குக் கிழங்கு அவித்துக்கொண்டு வாழ்ந்தவள் அவள். சிலர் வேறொருவனோடு குடும்பம் அமைத்தனர். 1946ஆம் ஆண்டு வாக்கில் எலும்பும் தோலுமாகத் திரும்பிய கணவன் தன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே யார் என்று கேட்க நேர்ந்த நிலைமைகளும் தோட்டங்களில் எழுந்தன. அங்கே குற்றவாளி என்று எவரைச் சொல்வது? பேரிலக்கியம் பிறக்கும் வாசல் இது. இங்கே ஜப்பானியன் இல்லை, சவுக்கு இல்லை, காலரா இல்லை. மூன்று நல்ல மனிதர்கள் மட்டும் நிற்கிறார்கள்.

இரண்டாவது, பட்டியல். தோட்டத்திலிருந்து இத்தனை பேர் என்று உத்தரவு வரும்போது, இன்னின்னார் என்று முடிவு செய்தது யார்? துரை இல்லாத தோட்டத்தில் கிராணியும் கங்காணியும் மண்டோரும்தான் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காவிட்டால் அவர்களுக்கே ஆபத்து. ஆயினும் எழுதும்போது கை எந்தப் பெயரில் நின்றது? பழைய பகை, சாதி, கடன், எதிர்த்துப் பேசிய பழங்கதை இவையெல்லாம் அந்தத் தாளில் இறங்கியிருக்கும் அல்லவா? 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து ஈராண்டுகூட ஆகவில்லை. அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனை வெள்ளை ஆட்சி நாடு கடத்தியிருந்தது. தலைநிமிர்ந்தவனை அகற்றிவிடும் பழக்கம் ஜப்பானியருக்கு முன்பே தோட்டத்தில் வேரூன்றியிருந்தது. இதை எழுதுவது சமுதாயத்தைக் காட்டிக்கொடுப்பதாகாது. கிராணியைக் கொடியவனாக்கி முடித்துவிடுவதும் எளிய வழியே. பெயர் எழுதிய இரவில் உறங்காதிருந்த கிராணி ஒருவன் தமிழ் நாவலில் எழுந்து வருவானாயின், அவன் எந்தப் பாத்திரத்துக்கும் இளைத்தவனாக இருக்கமாட்டான்.

மூன்றாவது, திரும்பியவர். அவர் மீண்டும் அதே பால்வாளியைத் தூக்கினார். அதே மரத்தைச் சீவினார். அவருக்கு ஓய்வூதியம் இல்லை, பதக்கம் இல்லை. 1967ஆம் ஆண்டு ஜப்பான் மலேசியாவுடன் செய்துகொண்ட இரத்தக் கடன் உடன்பாட்டின்படி இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்பில் தந்தது இரண்டு கப்பல்கள். நாட்டுக்குக் கப்பல் வந்தது; லயத்துக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாண்டு கழிந்து, 1969ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் இறுகியபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். சயாமிலிருந்து பிழைத்து வந்து, பின் சிவப்பு அட்டையால் பெயர்க்கப்பட்டவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். கங்காணி கொண்டு வந்தான், ஜப்பானியன் கொண்டு போனான், சட்டம் அனுப்பி வைத்தது. ஒரே வாழ்நாளில் மூன்று பெயர்ச்சி. அந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்தால், சயாம் ஒரு விபத்தாகத் தோன்றாது. நெடிய தொடரின் நடுக்கண்ணியாகத் தோன்றும். மலேசியத் தமிழ் நாவல் இதுவரை கண்ணிகளைத் தனித்தனியே எழுதியிருக்கிறது, சங்கிலியை எழுதவில்லை.

பெயர்

உலக வரலாற்றில் மக்களைப் பெயர்த்த ஆட்சிகள் பல. 1949ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓரிரவில் சோவியத் அதிகாரிகள் ஆர்மீனியாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதவைத் தட்டி, சாமான் வண்டிகளில் ஏற்றி, சைபீரியாவின் அல்தாய்ப் பகுதிக்கு அனுப்பினர். குழந்தையும் கிழவியும் தப்பவில்லை. ஸ்டாலின் 1953ஆம் ஆண்டு இறந்தபின்னரே அவர்கள் திரும்பும் வழி பிறந்தது. அங்கும் நெடுநாள் மௌனம் நிலவியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அனுப்பிய அரசு குடும்பம் குடும்பமாகப் பெயரை எழுதிக் கோப்பு வைத்திருந்தது. ஆட்சி மாறியபோது அக்கோப்புகள் வெளிவந்தன; பேரன் தன் பாட்டனின் பெயரைத் தாளில் கண்டான். கொடியவன் வைத்த கணக்கே பின்னாளில் பாதிக்கப்பட்டவனுக்குச் சான்றாயிற்று. தோட்டத் தமிழனுக்கோ தலைக்கணக்குத்தான், பெயர்க்கணக்கு இல்லை. ஆகவே அங்கே எழுத்தாளன் ஆவணத்தை விரித்துப் பொருளுரைத்தால் போதும். இங்கே ஆவணம் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து எழுத்தாளனே செய்யவேண்டும். மலேசியத் தமிழ் நாவலின் சுமை இதனால் இரு மடங்காகிறது. அதன் குறைகளை எடைபோடும்போது இதனை மறத்தல் நீதியன்று.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் சுமார் 7,000 கைதிகள் துயில்கின்றனர். புல் வெட்டப்பட்டு, பெயர் பொறிக்கப்பட்டு, மலர் நடப்பட்டு அவ்விடம் பேணப்படுகிறது. தமிழருக்கென அத்தகைய இடம் எண்பது ஆண்டுகளாக இல்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம் அதே காஞ்சனபுரியில், பௌத்தக் கோயில் வளாகத்தில், அவர்களுக்காக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. வீரனுக்குக் கல் நடுவது தமிழரின் தொன்மரபு. மண்வெட்டியோடு மடிந்தவனையும் அம்மரபு ஏற்றுக்கொண்டது போற்றத்தக்கது. ஆனால் பழைய நடுகல்லில் வீரனின் பெயர் இருக்கும். இந்தக் கல்லில் ஆயிரமாயிரம் பேருக்கு ஒரே பொதுப்பெயர்.

அந்தப் பெயர்களைத் திரட்டும் காலம் கடந்துகொண்டிருக்கிறது. நெகிரி செம்பிலானின் தோட்டங்கள் பல இன்று தோட்டங்களாக இல்லை. நீலாயும் லாபுவும் நகரங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. ரப்பர் நின்ற மண்ணில் செம்பனை நின்றது. செம்பனையும் போய்ச் சாலை வந்தது. லயம் இடிந்தபோது, யார் வீட்டிலிருந்து யார் போனார் என்று சொல்லும் சுவரும் இடிந்தது. போனவர்களைக் கண்ட கண்கள் ஒன்றிரண்டே எஞ்சியுள்ளன. எஞ்சியிருப்பது பிள்ளைகளும் பேரர்களும் கேட்டு வைத்த செவிவழிச் செய்தி.

செவிவழிச் செய்தியை இழிவாக எண்ண வேண்டியதில்லை. ஒப்பாரி அச்செய்தியால் ஆனது. கதைப்பாடல் அச்செய்தியால் ஆனது. ஒரு பேத்தி, தன் பாட்டி ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு நாளில் ஒரு கவளம் சோற்றைத் தனியே எடுத்து வைத்தாள் என்று வினவத் தொடங்கினால், அவ்வினாவிலிருந்து ஒரு நாவல் புறப்படும். அதற்குச் சயாம் போய் ஆராய வேண்டுவதில்லை. ரந்தாவிலோ லிங்கியிலோ இடிந்த ஒரு லயத்தின் வாசற்படியில் சிறிது நேரம் உட்கார்ந்தால் போதும்.

சண்முகமும் ரெங்கசாமியும் போனவர்களோடு காட்டுக்குள் போய் வந்தார்கள். அடுத்து வருபவர் வாசற்படியிலிருந்து எழுதட்டும். அன்றுதான் அந்தப் பாதையின் இரு முனைகளும் தமிழில் இணையும்.